மேலும் கீழுமாய் இரண்டு குழல்

எங்கள் வயல் நாவிதன்வெளிப் பக்கம் இருக்கிறது. வாப்பா என் பெயரில் எழுதித் தந்த சீதனக் காணி. நான் இருக்கும் வீடும் அப்படி வந்ததுதான். பன்றிகளைச் சுட்டு வயலைக் காக்கும் துவக்கு மட்டும் என் கணவரின் பெயரில் இருந்தது. போன மாரிப் போகத்தில் அந்தப் பழைய ஒற்றைக் குழல் துவக்கின் மரப்பிடி பிளந்துவிட்டது. செய்தி பன்றிகளுக்கு எப்படியோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு கிழமைக்குள் கிழக்கு வரம்போரம் முழுவதையும் கிளறிப் போட்டிருந்தன.

வேறு துவக்கு வாங்க அரசாங்கக் கச்சேரியில் அனுமதி கிடைத்தது. கிடைத்ததை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அவருக்கோ ஒன்றின் மேல் ஒன்றாகக் குழல் வைத்த துவக்குத்தான் வேண்டுமாம். அதிலும் ஒரேயொரு மொடல். வாலிபத்தில் யாரோ ஒரு வேட்டைக்காரரின் தோளில் அதைக் கண்டிருக்கிறார். என்னைப் பெண் பார்க்க வந்த கதையை இரண்டு வரியில் முடித்துவிடுவார். அந்தத் துவக்கைக் கண்ட கதையைத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிப்போகும்.

கொழும்புக் கடைக்காரர் போனில் சிரித்தார். "அந்த மொடல கம்பனிக்காரன் நிப்பாட்டி எவ்வளவோ காலம். வெச்சிருக்கிற ஆராவது வித்தாத்தான் உண்டு."

அதன் பிறகு எங்கள் லீவு நாட்களெல்லாம் வெச்சிருக்கிறவர்களைத் தேடுவதில் போயின. திருக்கோவிலில் ஒன்று இருந்தது; அதன் கீழ்க் குழலுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. சவளக்கடையில் ஒருவர் காட்டியதில் குழல்கள் பக்கம் பக்கமாக இருந்தன. இவரின் முகம் வாடியதைப் பார்த்து அந்த மனிதர் ஆறுதல் சொன்னார்: "சரிச்சுப் பிடிச்சா இதுவும் மேல்கீழ்தானே!"

கடைசியில் கல்முனையிலேயே ஒன்று அகப்பட்டது. பென்சன் எடுத்த நில அளவையாளர், மெதடிஸ்தக்காரர். கனடாவிலிருக்கும் மகளிடம் போவதற்காகச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். "குடும்பத்தோட வாங்க, ஆக்களப் பாக்காம துவக்குக் குடுக்கேலா" என்று சொல்லிவிட்டார். நான் மஸ்கட் இனிப்புப் பெட்டியோடு போனேன். சம்பந்தம் பேசப் போகிறவர்களைப் போலத்தான் இருந்தோம்.

பெரியவர் துவக்கை ஒரு பழைய வெள்ளைச் சாரத்தில் சுற்றி வைத்திருந்தார். அவிழ்த்ததும் என் கணவர் அதைக் கையில் எடுத்தார். மடித்துத் திறந்து, வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்குக் குழல்களை நீட்டி உள்ளே கண்ணோட்டினார். காதோரம் வைத்துச் சாத்தி, அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு தோளில் சாத்திச் சுவர்க் கடிகாரத்தைக் குறிபார்த்தார். இறக்கினார். மறுபடியும் பார்த்தார்.

"குறி கண்ணுக்கு நேர வருதில்லயே, சேர்."

"வராது தம்பி. நான் இடங்கைக்காரன். பிடிய எனக்கெண்டே மற்றப் பக்கம் வளைச்சுச் செய்விச்சது."

மாதக்கணக்காகத் தேடிய பொருள் கையில் இருக்கிறது, தோள்தான் பிழையான தோள். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. அதை மறைப்பதற்காகத்தான், "இஞ்ச தாங்க பாப்பம்" என்று கையை நீட்டினேன்.

உண்ணும்போது மட்டும் வலக்கையென்று உம்மா என்னைப் பழக்கியெடுத்தார். தேங்காய் துருவுவது, பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதுவது எல்லாம் இடக்கைதான். துவக்கு தானாகவே இடது தோளில் போய் உட்கார்ந்தது. கடிகாரத்தின் பன்னிரண்டு குறியின் நுனியில் நின்றது.

"டீச்சருக்குத்தான் இது" என்றார் பெரியவர்.

"அவவுக்கு என்னத்துக்கு சேர் துவக்கு?"

"காணி ஆர்ர பேர்ல?"

என் கணவர் மஸ்கட் பெட்டியைப் பார்த்தார்.

வேறு பிடி செய்து மாட்டலாம் என்று அவர் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த மொடலுக்குப் பிடி செய்யும் ஆசாரி அம்பாறை முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை. ஆகவே அவர் பெயரில் கிடைத்த அனுமதியை ஒப்படைத்துவிட்டு என் பெயரில் கேட்டோம். கச்சேரியில் இருந்தவர் என் முக்காட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களா சுடுவீங்க?"

"ஓம்."

"அவர்?"

"அவர் கூட வருவார்" என்றேன். அது பொய்யில்லை.

அனுமதி வந்து துவக்கை வாங்கியபோது வெள்ளாமை பாதி கதிர் பிடித்திருந்தது. இப்போது அசர் தொழுதுவிட்டு இருவரும் வயலுக்குப் போகிறோம். நான் துவக்கைப் பிடிக்க, அவர் பின்னால் நின்று எப்படிப் பிடிப்பதென்று சொல்லித் தருகிறார். முதல் வெடியில் ஒரு தென்னோலை விழுந்தது. பன்றிகள் ஓடிவிட்டன, அதுதானே வேண்டியது. வீட்டுக்கு வந்ததும் அவர் குழல்களைத் துடைத்து எண்ணெய் பூசுகிறார். அதில் நான் கை வைக்கக் கூடாது.

தேத்தண்ணிக் கடையில் ஒரு கூட்டாளி அவரிடம், "எப்பிடி மச்சான், புதுத் துவக்கு நல்லாச் சுடுதா?" என்று கேட்டாராம்.

"சத்தம் நல்லம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.