ஷாஹீதா செய்த பல்லின் நிறம்

என் தங்கை மைதீன் பீவிக்கு மூன்று பெண்கள். மூத்தவளுக்கு மச்சானின் மூக்கு. நடுவில் பிறந்த ஷாஹீதாவுக்கு அவருடைய பிடிவாதம். ஒத்தக்கடையிலிருந்து பஸ் ஏறிப் போய், டவுனில் பல் டாக்டர் காசிமாயனின் ஆஸ்பத்திரி மாடியில் பீங்கான் பல் செய்துவந்தாள். உடைந்த பல்லின் மேல் மாட்டும் அந்த உறையைக் கேப் என்பார்கள். யாருக்குச் செய்தாலும் காலை பத்து மணிக்கு ஆளை ஜன்னலோரம் நிறுத்தி, பகல் வெளிச்சத்தில் பக்கத்துப் பல்லின் நிறம் பார்த்துத்தான் செய்வாள்.

2004 தை மாதம் என் பல்செட்டைச் சரிபண்ண அங்கே போயிருந்தேன். ஜவுளிக்கடை துளசிராமின் மகன் உமேஷ் கோபமாக வந்தான். போன வருஷம் அவனுடைய முன்பல்லுக்குக் கேப் செய்தவள் ஷாஹீதாதான். எட்டு நாளில் அவனுக்குக் கல்யாணம்.

"பாருங்க டாக்டர், எல்லாப் பல்லும் பளிச்சுனு இருக்கு. இது மட்டும் மஞ்சக்கிழங்கு கணக்கா நிக்கிது. மட்டமான பீங்கானை மாட்டிட்டாங்க."

டாக்டர் ஷாஹீதாவைக் கீழே கூப்பிட்டார். "ஏம்மா, தப்பு நம்ம மேலன்னு சொல்லிட்டு வெள்ளையா ஒண்ணு செஞ்சு குடுத்துரு."

"நான் செஞ்சதுல தப்பு இல்ல டாக்டர். சொல்ல மாட்டேன்."

"அப்ப நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேணாம்."

ஷாஹீதா மாடிக்குப் போய் ஒரு தீப்பெட்டியோடு வந்தாள். உமேஷுக்கு முதலில் செய்து, சூளையில் ஓரம் சிதறிப்போன கேப் அதில் இருந்தது. அவனை ஜன்னலுக்கு நடத்திப்போய், வாயிலிருந்த கேப்போடு சேர்த்துப் பிடித்தாள். இரண்டும் ஒரே நிறம். வாயில் இருந்தது மட்டும் பளபளப்புப் போய்ச் சொரசொரவென்று இருந்தது.

"கேப்பு மாறல. உங்க சொந்தப் பல்லுதான் மாறியிருக்கு. என்னத்தப் போட்டீங்க?"

உமேஷ் டாக்டரைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "துபாயிலேர்ந்து எங்க அண்ணன் வெளுக்குற ஜெல் அனுப்புனான். வீட்லயே போட்டுக்கிறலாம்னு" என்றான்.

"எம்புட்டு நாளா?"

"ரெண்டு வாரமா. இது ஒண்ணு மட்டும் வெளுக்கலையேன்னு, இதுக்கு மட்டும் தினம் ரெண்டு தடவ போட்டேன்."

"அந்த மருந்து சொந்தப் பல்லைத்தான் வெளுக்கும். பீங்கானுக்கு அண்டாவுல ஊத்துனாலும் இதே நிறம்தான். மினுக்கம்தான் போகும்."

டாக்டர் குரல் இறங்கியது. "சரிம்மா, கல்யாணத்துக்குள்ள புதுசு ஒண்ணு…"

"முடியாது டாக்டர். ஜெல்லை இன்னையோட நிறுத்தட்டும். இந்த வெள்ளை கொஞ்சம் இறங்கும். பதினஞ்சு நாள் கழிச்சு நிறம் பாக்குறேன். இப்பவே செஞ்சா, அப்புறம் கேப்பு மட்டும் வெள்ளையா நிக்கும். மறுபடியும் என் பீங்கானைத்தான் ஏசுவீக."

"கல்யாண போட்டோவுல எப்படிச் சிரிக்கிறது?" என்றான் உமேஷ்.

"நல்லாவே சிரிங்கண்ணே. பொண்ணு உங்க பல்லை எண்ணிப் பாத்தா கழுத்த நீட்டப் போகுது?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு நான் வரவா, வேணாமா? இப்பவே சொல்லிருங்க."

"வாம்மா."

"தப்பு யாரு மேலன்னும் சொல்லிருங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, தப்பு உன் மேலதான்" என்றார்.

பதினாறாம் நாள் காலை பத்து மணிக்கு, புது மோதிரத்தோடு உமேஷ் தானாகவே வந்து மாடி ஜன்னலோரம் நின்றானாம்.