விலை கேட்டு நின்ற நேரம்

எனக்கு எழுபத்தொரு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். விறகடுப்பில் ஆப்பம் சுட்டு விற்றே வளர்த்தேன், யாரிடமும் கைநீட்டியதில்லை. படிப்பு அதிகமில்லை, எழுத்துக்கூட்டித்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம், எண்பத்தெட்டில், பினாங்கு ஜார்ஜ் டவுனில் நடந்தது இது. அடுப்புப் புகை வருஷக்கணக்காக உள்ளே போய் என் நுரையீரல் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். குணமாகாதாம். ஆனால் வீட்டோடு அடைந்து கிடக்காமல் மெதுவாக நடக்க வேண்டுமாம். மருமகள், "இனிமே பாசாருக்கு நான் போறேன் அத்தை, நீங்க உக்காருங்க" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கோ சுருக்கென்றது. கூடையை எடுத்துக்கொண்டு நானே சந்தைக்குக் கிளம்பிவிட்டேன்.

நாலு எட்டு வைத்தாலே இளைக்கும். நடுவழியில் வாயைத் திறந்துகொண்டு நின்றால் பார்க்கிறவர்கள் பரிதாபப்படுவார்களே? அதனால் இளைப்பு வந்ததும் பக்கத்துக் கடையில் நின்று விலை கேட்பேன். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். மூச்சு சீரானதும் "விலை அதிகம்" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். கறாரான கிழவி என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை, சீக்காளி என்று வாங்கக் கூடாது.

ஒரு நாள் மீன்கடை முன்னால் இளைப்பு அடங்கவேயில்லை. ஒரு கெம்போங் மீனைத் தூக்கி, செவுளைப் பார்ப்பது போல நின்றேன். விலை கேட்க வாய் வரவில்லை. கண் இருட்டியது. இன்றோடு கூடையை மருமகளிடம் கொடுத்துவிட வேண்டியதுதான், இனி வாசல் தாண்டக் கூடாது என்று முடிவே செய்துவிட்டேன்.

மீன்கடைக்காரர் சீனர். நம் ஆட்களோடு பழகி அரைகுறைத் தமிழ் பேசுவார். என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. ஒரு முக்காலியை என் பின்னால் தள்ளிவிட்டு, சத்தமாகத் திட்ட ஆரம்பித்தார்.

"அக்கா, நீ எல்லாக் கடையும் விலை கேக்கற, ஒண்ணும் வாங்கல! இன்னிக்கு உக்காந்து நல்லாப் பாரு லா. நீ பேசாதே, நான் பேசறேன்!"

அப்படியே மழை, கடல், மீன் என்று அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். நான் ஒரு வார்த்தை பதில் சொல்லத் தேவையே வைக்கவில்லை. பார்த்தவர்களுக்கு நாங்கள் பேரம் பேசுவது போலத்தான் இருந்திருக்கும்.

என் மூச்சு மெல்லத் திரும்பியது. அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "என் அம்மாக்கும் இதே சீக்கு. அவங்களும் இப்படித்தான், விலை கேட்டுக் கேட்டு நடப்பாங்க. கோழிக்கடைக்காரன் அவங்களைப் பார்த்தாலே ஓடிருவான்!"

சிரித்துவிட்டேன். "உன் மீனு புதுசு இல்லே, கண்ணு செவந்திருக்கு" என்றேன்.

"ஐயோ அக்கா, மூச்சு வந்த உடனே வாயும் வந்துருச்சு!"

பாசாருக்குப் போவதை நான் விடவில்லை. இளைத்தால் இளைத்தபடியே நிற்கிறேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். இளைப்பைவிட, அதை மறைக்க நான் பட்ட பாடுதான் என் மூச்சைத் தின்றது என்று அன்றைக்கு அந்த முக்காலியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

ஏம்மா பேத்தி, இங்கே வா. எழுதினது சரியா என்று ஒருதரம் வாசித்துக் காட்டு. அவர் என்னைத் திட்டின இடத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசி.