பதினொரு வரிச் சாட்சி

வேத வசனம் ஒப்பிப்பதில் எங்கள் சபையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தத் திறமையால்தான் என் மாமா ஜெயிலுக்குப் போனார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பியான மாமா, பங்காருபாளையத்து மாங்காய் மண்டியில் லாரிக்குச் சரக்கேற்றும் வேலை செய்தார். லீவு நாளில் அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவது நான். அன்று மண்டிக்குள் நுழைந்தபோது கூரைத் தகரத்தின் ஓட்டைகள் வழியாக வெயில் வட்டவட்டமாக விழுந்துகிடந்தது. பழ வாசனையில் கண் சொக்கியது. பிளாஸ்டிக் கிரேட்டுகளை அடுக்கி, அவற்றின் மேல் நின்று மேஸ்திரி போன் பேசிக்கொண்டிருந்தார். அடுக்கு சாய்ந்தது. தூக்கத்தில் புரண்டு படுப்பவர் போல அவர் மெதுவாக விழுந்தார். தலை எடைமேடையின் இரும்பு விளிம்பில் பட்டது. மாமா பத்தடி தள்ளித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். உருண்ட மாங்காய்களுக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல் ‘அலோ, அலோ’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் குரல் எனக்கு இன்னமும் கனவில் வரும்.

மேஸ்திரி பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்று நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. காலையில் லீவு கேட்டுக் கிடைக்காமல் மாமா அவரைத் திட்டியது மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது. மாமாதான் தள்ளிவிட்டார் என்று மண்டிக்காரர்கள் போலீசில் சொன்னார்கள். இல்லை என்று சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன்.

பாப்பா பார்த்ததைச் சொன்னால் போதும் என்றார் எங்கள் வக்கீல். நைனா, அதாவது என் அப்பா, ஞாயிறு பள்ளி வாத்தியார். அவருக்கு அது போதவில்லை. கோர்ட்டில் தெலுங்குதானே என்று தெலுங்கிலேயே பதினொரு வரி எழுதி, தினமும் காலை ஜெபம் முடிந்ததும் என்னை உட்காரவைத்தார்.

“நைனா, போன்ல ஒரு அக்கா கூப்புட்டுக்கினே இருந்தாங்களே, அது?”

“கோர்ட்டுல கதயா சொல்லிக்கினு இருப்ப? எழுதிக் குடுத்தத சொல்லு.”

“அவரு போன் பேசிக்கினுதான் வுழுந்தாரு.”

“ஆறாவது வரி இன்னா? மொதல்ல அத சொல்லு.”

சொன்னேன். அடுப்படியிலிருந்து அம்மா, “அது பாத்தத அது வாயால சொல்லட்டுமே,” என்றாள்.

“அப்ப நீயே போயி கூண்டுல நின்னுக்கோ,” என்றார் நைனா.

நைனாவை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். என் பள்ளிக்கூடமும் அதே லட்சணம்தான். மழை எப்படிப் பெய்கிறது என்று வாய்மொழியாகக் கேட்பார்கள். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருக்கும், அதைப் பார்க்கக் கூடாது. புத்தகத்தில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் சொல்ல வேண்டும். சொந்தமாகச் சொன்னவள் பெஞ்சு மேல் நின்றாள். நான் ஒருநாளும் நின்றதில்லை.

சித்தூர் கோர்ட்டில் மின்விசிறி மெல்லச் சுற்றியது. ஜன்னலில் புறாக்கள். பேசுகிறவர்களின் குரல்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலிருந்தன. பொய் சொன்னால் என்ன ஆகும் என்று ஜட்ஜம்மா கேட்டார். கர்த்தருக்குப் பிடிக்காது என்றேன். சிரித்துவிட்டு, “தமிழ்லயே சொல்லும்மா, பரவால்ல,” என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். தமிழில் எனக்குப் பாடமில்லை.

கண்ணை மூடிக்கொண்டு பதினொரு வரியையும் சொன்னேன். எங்கேயும் திக்கவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் என் தாத்தா வயதுக்காரர். அன்பாகப் பக்கத்தில் வந்து, “மள்ளி செப்பம்மா,” என்றார். மறுபடி சொன்னேன். அச்சு அசலாக அதே வரிகள், அதே ஏற்ற இறக்கம். நடுவில் நிறுத்தி, மேஸ்திரி என்ன கலர் சட்டை போட்டிருந்தார் என்று கேட்டார். எனக்குத் தெரியும், பச்சை. ஆனால் அது எந்த வரியிலும் இல்லை. அதனால் முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். பிறகு அவர், யாரம்மா இவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

திருப்பதியில் சபைகள் நடத்தும் வசனப் போட்டிகளிலும் பரிசு கொடுப்பவர்கள் கடைசியில் இதைத்தான் கேட்பார்கள். சொல்லிக்கொடுத்தவர் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை. வாசலில் நின்றிருந்த நைனாவைக் கை காட்டி, அவர் காதிலும் விழும்படி, “எங்க நைனா. டெய்லி காலைல சொல்லிக் குடுத்தாரு,” என்றேன்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்தேன். வக்கீல் என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, இனிக் கேட்க ஒன்றுமில்லை என்று போய் உட்கார்ந்தார். அவரையே அசத்திவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். வெளியே வந்ததும், “கரெக்டா சொன்னனா நைனா?” என்று கேட்டேன்.

“ஒரு எழுத்து தப்பல,” என்றார்.

கொஞ்ச நாளில் தீர்ப்பு வந்தது. இரண்டு வருஷம். மண்டிக்காரர்கள் பொய் சொன்னதால்தான் என்று நான் ஊரெல்லாம் சண்டை போட்டேன். நைனா அதற்குப் பிறகு என்னை எதையும் ஒப்பிக்கச் சொல்லவில்லை. நானாகப் போய் எதிரில் நின்று ஆரம்பித்தாலும் எழுந்து வெளியே போய்விடுவார். இனிச் சொல்லித்தர ஒன்றுமில்லாத அளவுக்கு எனக்கு எல்லாம் வந்துவிட்டது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.