வாடகை ட்ரெய்லரின் அடுப்பு

நியூஜெர்சியில், ஹைவே ஓரத்தில், ட்ரெய்லர் வாடகைக்கு விடும் இடத்தில் நிற்கிறோம். காருக்குப் பின்னால் மாட்டி, கனடா வரை இழுத்துப்போய்க் காட்டில் தங்குவதாகத் திட்டம். நடுவில் ஆடிக் கிருத்திகை வருகிறது. என் மனைவி கோமதி அன்று விரதமிருந்து, முருகனுக்குத் தன் கையால் சர்க்கரைப் பொங்கல் வைப்பவள். ஒரு வருஷமும் விட்டதில்லை.

ட்ரெய்லருக்குள் சின்ன அடுப்பு ஒன்று இருக்கிறது. கோமதி குனிந்து மோந்து பார்க்கிறாள்.

"இதுல நான்வெஜ் சமைச்சிருப்பாங்களான்னு கேளுங்க."

கேட்கிறேன். கடைக்கார அமெரிக்கர் சிரிக்கிறார். "தினமும் காலைல பேக்கன்தான். பன்றிக்கறி வாசம் இல்லாட்டா அது கேம்பிங்கே இல்லை!"

கோமதி கீழே இறங்கிவிடுகிறாள். "நீங்களும் பொண்ணும் போயிட்டு வாங்க. நான் வரலை."

"அம்மா, ப்ளீஸ்!" என்கிறாள் மகள்.

கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்கிறேன். "வெளியே அடுப்பு வெச்சு சமைக்கலாமே," என்கிறார் அவர். "மழை வந்தாத்தான் கஷ்டம்."

கோமதி திரும்புகிறாள்.

"மலை மேல நிக்கற சாமிக்கு மழை ஒரு கஷ்டமா? நம்ம பானை, நம்ம ஸ்டவ் எடுத்துக்கலாம். நீங்க குடை பிடிங்க."

என்ன சொல்கிறாள் என்று கடைக்காரர் என்னைக் கேட்கிறார்.

"புக் பண்ணச் சொல்றாங்க," என்கிறேன்.