சாமிக்குக் கீழ்த்தட்டு

கனடாவில் ஒரே வீட்டுக்குள் அறைக்கொரு காலநிலை இருக்கும் என்றால் ஊரிலிருக்கும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். தொண்ணூறுகளின் நடுவில் வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த நிலக்கீழ் பேஸ்மென்ற்றில் முன்னறை விறைக்கும், படுக்கையறை நடுங்கும். உடுப்பு வைக்கும் குளோசற் மட்டும் கதகதவென்று இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டைச் சூடாக்கும் போர்னஸ் எரிந்துகொண்டிருந்தது. குடிவந்த அன்றே என் மனைவி வதனி அந்தக் குளோசற்றைச் சாமி அறையாக்கிவிட்டாள்.

அந்த மார்கழியில் எனக்கும் அந்தச் சூடு தேவைப்பட்டது. என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த டேவ், ஆண்டுதோறும் ஒரு சனிக்கிழமை நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிடுவான். வருகிறவர்கள் தாங்களே காய்ச்சிய பியரோடு வரவேண்டும். ஒருநாள் வேலையிடச் சாப்பாட்டு மேசையில், “உங்கட பியர் எல்லாம் வெறும் தண்ணி” என்று அரைகுறை ஆங்கிலத்தில் வாய் விட்டேன். “அப்படியென்றால் உன்னுடையதைக் கொண்டு வா, மனைவியையும் கூட்டிவா” என்றான். இந்த நாட்டில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்குள் கால் வைக்க எங்களுக்குக் கிடைத்த முதல் அழைப்பு அது. அங்கே போய்த் தலைகுனிய நான் தயாராயில்லை.

காய்ச்சியதில் குறையில்லை. முளைகட்டிய பார்லி மோல்ற்றை அள்ளிப் போட்டேன். வடித்தது நெஞ்சைச் சுட்டது. போத்தலில் அடைக்கும்போது கொஞ்சம் சீனிப்பாகு சேர்த்து மூடியை இறுக்கினால், புளிக்கவைத்த ஈஸ்ற்றில் மிஞ்சியது அந்தச் சீனியைத் தின்று காஸ் விடும்; அதுதான் நுரை. ஆனால் கடும் பியரில் ஈஸ்ற் முன்னமே களைத்திருக்கும்; குளிரும் சேர்ந்தால் படுத்தேவிடும். இரண்டு கிழமை கழித்து, முன்னறையில் வைத்திருந்த ஒரு போத்தலைத் திறந்தேன். சத்தமில்லை, நுரையில்லை. இருமல் மருந்தேதான். ஊரில் கள்ளு மரத்தால் இறங்கும்போதே நுரைக்கும். பதநீர் வேண்டுமென்றால், பொங்காமல் அடக்க முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுவார்கள். நுரை வரவைக்க ஒருவன் மண்டையை உடைக்கிறான் என்றால் அங்கே சிரிப்பார்கள். விடுவேனா? எல்லாவற்றையும் திறந்து புது ஈஸ்ற் விட்டு, மறுபடி மூடி, சாமி அறைக் கீழ்த்தட்டில் அடுக்கினேன்.

விளக்கேற்றப் போன வதனி அதே வேகத்தில் திரும்பி வந்தாள்.

“என்னப்பா உது? முருகன்ர காலடியிலயோ உதுகளை அடுக்கிறது?”

“வேற எங்க வைக்கிறது? வீட்டில சூடான இடம் உது ஒண்டுதான்.”

“அப்ப முருகனை எங்க வைக்கிறது? ஃபிரிஜ்ஜுக்கு மேலயோ?”

“டேவ் வீட்டை நீரும்தானே வாறீர். செத்த பியரோடயோ போறது?”

அடுத்த நாள் பார்த்தால், தட்டுகளுக்கு நடுவே பழைய சேலைத்துண்டொன்று திரையாகத் தொங்கியது.

“மேல அவர், கீழ உங்கட சாமான். திரையை விலக்கி வைச்சீங்களெண்டால் தெரியும்” என்றாள்.

பியரை எங்கே வைத்திருக்கிறாய் என்று டேவ் கேட்டான். கடவுளோடு என்றேன். பியர் செத்துப்போய்விட்டதென்று நினைத்தானோ என்னவோ, “முதல்முறை எல்லோருக்கும் அப்படித்தான்” என்று முதுகில் தட்டினான்.

அந்தச் சனிக்கிழமை போத்தல்களை வெளியே எடுத்தபோது ஒவ்வொரு கழுத்திலும் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. வதனியைப் பார்த்தேன். “சாமி அறையால வெளிக்கிடுறது. வெறுங்கழுத்தோட போகேலாது” என்றாள். பொட்டு அழியாமல் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தேன்.

டேவ் வீட்டில் முதல் மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்றது. நுரை எழும்பி, கிளாஸ் விளிம்பில் அப்படியே நின்றது. ஒரு மிடறு குடித்த டேவ் கண்ணை விரித்து, “ஜீசஸ்!” என்றான்.

“முருகன்” என்று வதனி எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

எங்கள் மற்றப் போத்தல்களை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்த டேவின் மனைவி, அழுக்கென்று நினைத்துச் சந்தனத்தைத் துடைக்கத் துணியோடு குனிந்தாள். வாசலில் ஹலோ சொன்னதோடு அந்த வீட்டாரோடு வேறொன்றும் பேசாதிருந்த வதனி எழும்பிப் போய் அவள் கையைப் பிடித்தாள்.

“நோ, நோ. தற் இஸ் அவர்ஸ்.”

துணி விலகியது. மற்றவர்கள் கொண்டுவந்த, ஊர் பேர் தெரியாத போத்தல்களுக்கு நடுவே எங்களுடையவை பொட்டோடு நின்றன. பக்கத்தில், நெற்றியில் அதே சந்தனப் பொட்டோடு, வதனி நின்றாள்.