பயமில்லாமல் ஒரு வாய்க் கூழ்

எங்கள் எல்லையம்மன் என் அண்ணிக்குச் செய்ததை அவளை நம்புகிற உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

கோவளத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் எங்கள் குப்பம். போன மாசியில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் யாரோ லாரி லாரியாக டிரம்களைக் கொட்டிவிட்டுப் போனார்கள். எந்தக் கம்பெனி, என்ன கழிவு, ஒருவருக்கும் தெரியாது. கோடை மழை பெய்தது. கிணற்றுத் தண்ணீரில் மருந்து வாடை அடித்தது. விஷமா, இல்லையா? சொல்ல ஆள் இல்லை. அந்தத் தெரியாமையே ஆளைத் தின்றது.

தேவி அண்ணி அப்போது மாசமாக இருந்தார். அரிசியைக் கழுவுவார், கொட்டுவார், மறுபடி கழுவுவார். சோற்றை முகர்ந்து பார்த்துத் தள்ளிவிடுவார். நான் செங்கல்பட்டில் எம்.எஸ்சி. படிக்கிறேன். தெரிந்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். ம்ஹூம். அண்ணன் கேன் தண்ணீர் வாங்கிப் போட்டான். அதையும் முகர்ந்தார். "உடம்புல குறையில்ல, பயம்தான். இப்படியே சாப்பிடாம இருந்தா குழந்தைக்கு ஆபத்து" என்றார் டாக்டர்.

எதிர்வீட்டுக் கமலாக்கா வேறு, "எங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆவல. உனக்கு மட்டும் இன்னாடி பேஜாரு?" என்பார். தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே அண்ணி நம்ப ஆரம்பித்தார். யாரிடமும் பேசுவதில்லை. எலும்பும் தோலுமாக ஆனார்.

நான் அம்மன் முன்னால் நின்று அழுதேன். "தாயே, எங்க அண்ணி பயமில்லாம ஒரு வாய் சாப்பிடணும். வேற ஒண்ணும் கேக்கல." வேறு எதையும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஆடி வந்தது. கூழ் வார்க்கும் நாளில் எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீடும் தன் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து பொது அண்டாவில் ஊற்ற வேண்டும். எல்லா வீட்டுத் தண்ணீரும் கலந்த கூழைத்தான் அம்மன் ஏற்பாள்.

பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதல் குடம் அண்ணியுடையது. அண்டா அருகே போனவர் ஊற்றாமல் நின்றார். பிறகு அம்மனைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார்: "உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன் தாயே. இது கேன் தண்ணி. கெணத்துத் தண்ணிய ஊத்த பயமாகீது. ஊர்ப் புள்ளைங்க குடிக்கப்போவுது."

மேளம் நின்றது. திட்டப்போகிறார்கள் என்று நினைத்து அண்ணி பக்கத்தில் போய் நின்றேன்.

கமலாக்கா தன் குடத்தை மெதுவாகக் கீழே இறக்கினார். "என்னுதும் கேன்தான்டி."

"அடிப்பாவி! என்னைப் பார்த்து இன்னா பேஜாருன்னு கேட்டியே?"

"பயந்துகினுதான் கேட்டேன்!"

பின்னாலிருந்து இன்னொரு குரல், "எங்க வூட்லயும் அதான்." அடுத்து இன்னொன்று. கடைசியில் பூசாரி அண்ணாத்த தலையைச் சொறிந்தார்: "நான் அபிஷேகத்துக்கே கேன்தான் வாங்கினேன். ஆத்தா கோச்சிக்கல."

குப்பமே சிரித்தது. சிரித்துக்கொண்டே பலர் அழுதார்கள். இத்தனை நாள் ஒவ்வொரு வீடும் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியாகப் பயந்திருக்கிறது! அந்தக் கேன் தண்ணீரிலேயே கூழ் காய்ச்சினார்கள். அண்ணி முகர்ந்து பார்க்கவில்லை. குடித்தார். கமலாக்காவிடம் சொம்பை நீட்டி இன்னும் கேட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அடுத்த வாரமே குப்பம் முழுக்கக் கிளம்பிக் கலெக்டர் ஆபீஸுக்குப் போனது. முன்னால் நடந்தவர் யார் தெரியுமா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் அண்ணி! குடிநீர் லாரி வந்தது. டிரம்களை அகற்றினார்கள். மண்ணைச் சுத்தம் செய்வது இன்னும் முடியவில்லை, விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பெண் குழந்தை பிறந்தது, நல்ல எடை. அண்ணி இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார்.

முன்பெல்லாம் நான் மனதுக்குள்தான் வேண்டுவேன். இப்போது வாய்விட்டு வேண்டுகிறேன். நீங்களும் உங்கள் பயத்தை அவள் சந்நிதியில் சத்தமாகச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவர் காதிலும் விழட்டும். எங்களுக்கு அவள் பதில் சொன்னது பக்கத்தில் நின்றவர்கள் வாயால்தான்.