கன்னிமூலைக் கல்லும் எங்கள் படகும்

அன்னூருக்கு வடக்கே அணைத் தேக்கத்தில் எங்களுக்கு ஒரு மரப்படகு இருந்தது. அக்கரையிலிருந்து வாழைத்தார் வரும், இக்கரையிலிருந்து உரமூட்டை போகும், சில சமயம் கன்றுக்குட்டியும் ஏறும். வீட்டுக்காரர் பின்னால் துடுப்பு போடுவார். நான் முன்னால் மூங்கில் கழியோடு உட்கார்ந்து தண்ணீரையே பார்ப்பேன். ஆறாவதோடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். பலகை கீச்சென்றாலும் பயம், காற்று திரும்பினாலும் பயம். அந்தப் படகு போனால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

கோடையில் தண்ணீர் வடிந்ததும் தேக்கத்தின் அடித்தரையில் மக்காச்சோளம் போடுவார்கள். பட்டா யாருக்கும் கிடையாது. முதலில் உழுதவர் வைத்ததுதான் எல்லை. மேட்டில் தென்னந்தோப்பே வைத்திருக்கிற ஒரு தோட்டத்துக்காரர் அங்கேயும் கல்கால் நட்டுக் கம்பி இழுத்தார். தண்ணீர் ஏறுவதற்குள் கற்களைப் பிடுங்கிவிடுவது வழக்கம். அந்த வருஷம் அவர் மற்றதையெல்லாம் பிடுங்கிவிட்டு, தென்மேற்கு மூலைக் கல்லை மட்டும் விட்டுவிட்டார். அதற்கு மஞ்சள் பூசிப் பூசை செய்திருந்தார்.

“ஏனுங்க, அதையும் எடுத்துப்போடுங்க. படகு போற வழிங்க.”

“கன்னிமூலைக் கல்லு அம்மணி. உன்ற கப்பலுக்காக சாமியப் புடுங்கி எறியோணுமாக்கும்?”

கூட நின்ற ஆட்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து துறையில் எங்கள் படகுக்குக் ‘கப்பல்’ என்றே பேராகிவிட்டது.

“சுத்திப் போகத் தெரியாதா எனக்கு? நொய்நொய்ங்காத புள்ள,” என்றார் வீட்டுக்காரர். எனக்கு மனசு ஆறவில்லை. தண்ணீர் முழங்காலளவு வந்தபோது இறங்கிப்போய், நீளக் கயிற்றில் காலி எண்ணெய் கேன் ஒன்றை அந்தக் கல்லில் கட்டினேன். தண்ணீர் கல்லை மூடினாலும் கேன் மேலே மிதந்து இடம் காட்டும்.

மேலே மலையில் மழை பிடித்துத் தண்ணீர் கலங்கலாக ஏறியது. கேனைக் காணோம். தோட்டத்துக்காரரிடமே போய்க் கேட்டேன்.

“சாமி கழுத்துல எண்ணெய்க் கேனைக் கட்டுனவ நீதானா? நாந்தான் அறுத்துப்போட்டேன்.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு நடையும் கழியால் குத்திக் குத்தியே போனேன். ஒரு நாள் சாயங்காலம், தார் நிறைய ஏற்றி வரும்போது காற்று பக்கவாட்டில் தள்ளியது. அடியில் படார் என்று ஒரு சத்தம். பலகை விட்டுப்போய்த் தண்ணீர் பொங்கியது. மிதந்த தார்களைப் பிடித்துக்கொண்டு நாங்கள் கரை சேர்ந்தோம். மற்ற தார்களைத் தோட்டத்துக்காரருடைய ஆட்கள்தான் பொறுக்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது வீட்டுக்காரர் சரவணம்பட்டியில் ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேன். “இங்க தண்ணியே இல்ல, நிம்மதியா இரு,” என்கிறார். என்னால் எங்கே முடிகிறது!

மறு கோடையில் தண்ணீர் வடிந்து, படகு அந்தக் கல்மேல் சாய்ந்தபடி வெளியே வந்தது. ‘மரத்தை எடுத்துப்போடச் சொல்லு, உழுகோணும்’ என்று தோட்டத்துக்காரர் ஆள் அனுப்பினார். பஸ் பிடித்துப் போனேன். டிராக்டர் வருவதற்கு முன்பே போய், படகின் முன்பலகையில் மஞ்சளை அப்பிப் பெரிய குங்குமப் பொட்டாக வைத்து, கற்பூரம் கொளுத்தினேன்.

“என்ன அம்மணி இது?”

“சாமிங்க. புடுங்கி எறியக் கூடாதுங்க.”

அவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிச் செருப்பைக் கழற்றினான்.

அந்த வருஷம் சுற்றித்தான் உழுதார். இந்த வருஷமும் அப்படித்தான். தீ கீ வைத்துவிடுவாரோ என்று வெள்ளிக்கிழமைதோறும் போய்ப் பார்த்து, மஞ்சளைப் புதுசாகப் பூசிவிட்டு வருகிறேன்.